இரண்டாம் பாகத்துக்கு வக்காலத்து வாங்கியவர்

அந்த வீடியோ விளையாட்டின் இரண்டாம் பாகத்தைப் பற்றி எங்கள் தோட்டத்தில் இரண்டு கருத்துகள் இருந்தன. ஒன்று டிராக்டர் ஓட்டிய அண்ணனுடையது. மற்றது மீதி எல்லோருடையது.

மீதிப் பேர் சொன்னது இதுதான்: முதல் பாகம் தங்கம், இரண்டாம் பாகம் குப்பை. முதல் பாகத்தில் நீலச்சட்டைக்காரன் ஒருவன் வாளோடு கோட்டைக்குள் ஓடுவான், குதிப்பான், வெட்டுவான். கஷ்டம்தான், ஆனாலும் மூன்று மாதம் மெனக்கெட்டால் முடித்துவிடலாம். இரண்டாம் பாகத்தில் அதே ஆளை மலைமேல் கொண்டுபோய் விட்டு, காற்றை வேறு அடிக்கவிட்டிருந்தார்கள். குதித்தால் காற்று பின்னால் தள்ளும். நின்றால் பருந்து வந்து கொத்தும். வெட்டி வீழ்த்திய எதிரி, நாம் ஓரடி பின்வாங்கினால் மறுபடி எழுந்து நிற்பான். மூன்று முறை செத்தால் மலையடிவாரத்திலிருந்து திரும்ப ஏற வேண்டும். மலேசியாவில் லிங்கிக்குப் போகிற சாலையில் இருந்த எங்கள் செம்பனைத் தோட்டத்தில் அதை ஒருமுறையாவது ஆடாதவர்கள் குறைவு. ஆடியவர்களில் கன்ட்ரோலரைத் தரையில் அடிக்காதவர் அண்ணன் ஒருவர்தான்.

"கேம் ஏமாத்துதுண்ணே" என்று யாராவது சொன்னால் போதும், அவர் முகம் சுருங்கிவிடும். சொந்தக்காரரைத் திட்டிவிட்டது மாதிரி.

"கேம் ஏன்லா ஏமாத்தப் போவுது? அதுக்கு உன்ன யாருன்னே தெரியாது. நீ குதிச்ச இடம் தப்பு."

நான் அந்தத் தோட்டத்து ஆபீஸுக்குக் கணக்கெழுதும் கிராணியாகப் போனபோது எனக்கு இருபத்து மூன்று வயது. சிரம்பான் டவுனில் வளர்ந்தவன். ஆபீஸ் வேலை, காலையில் பெரட்டு வரிசையில் ஆள் கூப்பிடுவது, கணக்குப் புத்தகம் எழுதுவது எல்லாம் நான்கு மணிக்கு முடிந்துவிடும். அதற்குமேல் தோட்டத்தில் என்ன செய்வது? எனக்குக் கொடுத்த வீட்டுக்கு அடுத்த வரிசையில் கடைசி வீடு அண்ணனுடையது. ஒருநாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். "கிராணி, உள்ள வாங்க" என்றார். அன்றிலிருந்து ஐந்து வருடம் அந்த வீட்டில் நான் தேநீர் குடிக்காத நாள் இல்லை.

அவருக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது கூட. ஆனாலும் நான் கிராணி என்பதால் 'நீங்க, வாங்க' தவறாது. கன்ட்ரோலர் கைக்கு வந்துவிட்டால் மட்டும் அந்த மரியாதை ஜன்னல் வழியே போய்விடும். "குதிடா கிராணி! இப்பக் குதிடா! ஐயோ, செத்தான்" என்று கத்துவார். விளையாட்டை நிறுத்தியதும் மறுபடி, "கிராணி, இன்னொரு டீ குடிக்கிறீங்களா?" இரண்டையும் ஒரே வாய்தான் சொல்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அவர் மனைவி அடுப்படியிலிருந்து சிரிப்பார்.

ஆடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். கைலியை இறுக்கிக் கட்டி, கைக்கடிகாரத்தைக் கழற்றி டிவி மேல் வைத்து, குளிர்பானப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவார். கட்டை விரல் நகத்தில் கிரீஸ் எப்போதும் கறுப்பாக அப்பியிருக்கும். நீலச்சட்டைக்காரன் செத்துவிட்டால் கோபப்பட மாட்டார். வலது கட்டை விரலைத் தூக்கிப் பார்ப்பார். "இவன்தான். இவன் அவசரப்பட்டுட்டான்" என்பார். பிறகு மலையடிவாரத்திலிருந்து ஏறத் தொடங்குவார்.

இரண்டாம் பாகத்துக்கு அவர் வாங்கிய வக்காலத்தை நான் மனப்பாடமாகவே சொல்வேன். "மொத பாகத்துல ஓடத் தெரிஞ்சா போதும். ரெண்டாவதுல நிக்கத் தெரியணும். காத்து ஏழு எண்ணுற வரைக்கும் அடிக்குது, ரெண்டு எண்ணுற வரைக்கும் நிக்குது. அந்த ரெண்டுக்குள்ள குதிச்சா தாண்டிடலாம். இதச் சொல்லிக் குடுக்கத்தான் அந்தக் காத்தையே வச்சிருக்கான். நீங்கல்லாம் ஆறுல குதிச்சிட்டு அவன் மேல பழி போடுறீங்க." அவர் சொன்னபடி எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பருந்துக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார், செத்து எழுகிற எதிரிக்கும் ஒன்று. அவர் வாய்விட்டு எண்ணுவதைக் கேட்டுக் கேட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் அவர் மனைவியே ஏழு வந்ததும் "ம், இப்ப" என்று சொல்லுவார், டிவி பக்கம் திரும்பாமலே.

ஆறாவது கட்டம் வரை தோட்டத்தில் போனவர் அவர் ஒருவர்தான். அங்கே ஒரு பெரிய பள்ளம். இந்தப் பக்கப் பாறையிலிருந்து அந்தப் பக்கப் பாறைக்குத் தாவ வேண்டும். இரண்டு வருடமாக அவர் அந்தப் பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் விரல் நுனி அளவில் தவறிப்போகும். "அரை அங்குலம் முன்னாடி வரணும் கிராணி. இன்னும் என் கைக்கு வரல."

விளையாட்டில் மட்டும் இப்படி இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒருமுறை டுரியான் விழுந்து அவருடைய மோட்டர் சைக்கிள் விளக்கு உடைந்தது. நாங்கள் எல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். "மரத்தைச் சொல்லிக் குத்தமில்ல, பழுக்கிற மாசத்துல அதுக்குக் கீழ நிறுத்தினது நான்தானே" என்று விளக்கிவிட்டு, அந்தப் பழத்தையே உடைத்து எங்களுக்குக் கொடுத்தார். மனைவி குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டால், "அடுப்பு வேலையில நான்தான் பேச்சுக் குடுத்தேன்" என்பார். லோரி தாமதமாக வந்து சாலையோரம் செம்பனைக் குலைகள் தேங்கினால், முன்னாடியே போன் போட்டுக் கேட்காதது அவர் தப்பு. மழை பெய்து மண்சாலை வழுக்கினால்கூட, நேற்றே மணல் கொட்டியிருக்க வேண்டும் என்று தன்மேல் ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார்.

இப்படிப்பட்ட ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பழகிக்கொள்வார்கள். ஆட்களை மேய்க்கிற மண்டோர் பழகிக்கொண்டார். தன் பிசகுகளை மானேஜர் முன்னால் நைசாக அவர் பக்கம் தள்ளிவிடுவார், அவரும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார். எனக்கு மண்டோரைப் பார்த்தாலே எரியும். "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக்கூடாதாண்ணே?" என்று சண்டை போட்டிருக்கிறேன். அவ்வளவு நியாயம் பேசிய நான்தான் மண்டோரைவிடப் பெரிய வேலையைச் செய்தேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். வண்டியில் குறை இருந்தால் டிரைவர்கள் எழுதித் தர மாட்டார்கள். கிராணியிடம் வாயால் சொல்வார்கள். கிராணி அதை ரிப்பேர் புத்தகத்தில் எழுதி, நகலைக் கிழித்துப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். பட்டறைக்காரர்கள் அந்தச் சீட்டு இல்லாமல் எந்த வண்டியையும் தொட மாட்டார்கள்.

நான் போன ஐந்தாவது வருடம், கோயில் தீமிதிக்கு முதல் நாள் சாயங்காலம் அண்ணன் ஆபீஸுக்கு வந்தார். "கிராணி, பிரேக் கொஞ்சம் எறங்கிப் போவுது. பாக்கச் சொல்லுங்க." நான் கோயில் கமிட்டிச் செயலாளர். பந்தல்காரன் வரவில்லை என்று போனில் கத்திக்கொண்டிருந்தேன். எழுதிக்கொள்கிறேன் என்று கையைக் காட்டினேன். எழுதவில்லை.

மறுநாள் தீமிதி. அதற்கு மறுநாள் காலைப் பெரட்டில் என்னிடம் கேட்டார், "பிரேக்க பாத்துட்டாங்களா?" அப்போதுதான் எனக்கு நினைவே வந்தது. வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், மானேஜர் பக்கத்தில் நிற்கிறார். மறந்துவிட்டேன் என்று மானேஜர் காதுபடச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "பாத்துட்டாங்கண்ணே, எடுங்க" என்றேன்.

ஒன்பது மணிக்கு, மேட்டுச் சாலையிலிருந்து இறங்கும்போது டிராக்டர் நிற்கவில்லை. பின்னால் இழுத்துவந்த குலைத் தொட்டி சாய்ந்து கவிழ்ந்தது. தொட்டியின்மேல் உட்கார்ந்து வந்தவர் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. குலை ஏற்றுகிற வேலை அவருக்கு. இடது கால் முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் நொறுங்கிவிட்டது.

அன்று மாலையே மானேஜர் ஆபீஸில் விசாரணை. நான் மேசைக்கு இந்தப் பக்கம், ரிப்பேர் புத்தகம் என் இழுப்பறைக்குள். மானேஜர், "வண்டியில் ஏதாவது கோளாறா?" என்று கேட்டார். அண்ணன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "வண்டி நல்லாத்தான் சார் இருந்துச்சு. நான்தான் லேட்டா மிதிச்சிட்டேன்" என்றார். மானேஜருக்கு அது போதுமாக இருந்தது. புத்தகத்தை யாரும் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அண்ணனை டிராக்டரிலிருந்து இறக்கிப் புல்லுக்கு மருந்தடிக்கப் போட்டார்கள். மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டு சி ரூசா பக்கம் போய்விட்டார். கடற்கரையோர அடுக்குமாடி ஒன்றில் தோட்டவேலை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒடம்பப் பாத்துக்குங்க கிராணி" என்றார். நான் அன்று சோறு தின்னவில்லை. மறுநாள் தின்றேன். அப்படியே பழகிவிட்டது. பிறகு சிரம்பானில் தலைமை ஆபீஸுக்கு மாற்றல் கிடைத்தது, கல்யாணம் ஆனது, எட்டு வருடம் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனில் எதையோ தேடப்போய் அந்த விளையாட்டு கண்ணில் பட்டது. யாரோ ஒருவர் இரண்டாம் பாகத்தை முதலிலிருந்து கடைசிவரை ஆடிப் பதிவு செய்திருந்தார். அதே மலை, அதே காற்று. என்னையறியாமல் ஏழு எண்ணினேன். ஆறாவது கட்டம் வந்தது. பள்ளத்தின் ஓரத்தில் நீலச்சட்டைக்காரன் சும்மா நின்றான். கீழேயிருந்து ஒரு பலகை மிதந்து மேலே வந்தது. அதில் ஏறி மறுபக்கம் போய்விட்டான்.

எங்கள் கேசட்டில் அந்தப் பலகை கிடையாது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய காப்பி கேசட். காப்பி அடித்தவன் எதையோ விட்டுவிட்டான். அந்தப் பள்ளத்தை எந்தக் கையாலும் தாண்ட முடியாது. அந்த மனிதர் இரண்டு வருடம் அரை அங்குலத்தைத் தேடிக்கொண்டிருந்தார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மனைவி என்ன என்று கேட்டாள். பழைய கேம் என்றேன். அடுத்த சனிக்கிழமை சி ரூசாவுக்குக் காரை எடுத்தேன்.

விசாரித்துக் கண்டுபிடித்தேன். அடுக்குமாடிக்குப் பின்னால் சின்ன வீடு. தலை பாதி நரைத்திருந்தது. "கிராணி! வாங்க வாங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். அந்த 'வாங்க' என் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உள்ளே டிவிக்குப் பக்கத்தில் அதே கேசட், அதே குளிர்பானப் பெட்டி.

போனில் அந்த இடத்தைக் காட்டினேன். மூன்று தடவை திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"நம்ம கேசட்ல இந்தப் பலகை வராதே?"

"வராதுண்ணே. கேசட்டே கோளாறு. யாரு ஆடினாலும் அங்க விழத்தான் செய்வாங்க."

"அப்ப நான் சரியாத்தான் குதிச்சிருக்கேனா?"

"சரியாத்தாண்ணே குதிச்சீங்க."

அவர் சிரித்த சிரிப்பை என்னால் எழுத முடியாது. "இந்தா, கேட்டியா! நான் சரியாத்தான் குதிச்சிருக்கேனாம்" என்று மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். விருந்தாளிக்குப் பலகாரம் வேண்டுமென்று மோட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். போகிற வழியெல்லாம் சிரித்திருப்பார்.

அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"இப்படிச் சிரிச்சு எத்தன வருசமாச்சு தெரியுமா தம்பி? எந்தம்பி இப்ப இங்க பக்கத்துல சுவாலதான் இருக்கான். கால இழுத்துக்கிட்டுதான் நடக்கறான், பூ கட்டி விக்கிறான். தீவாளிக்கு என்னைய மோட்டர்ல கூட்டிட்டுப் போவாரு, தெருமுக்குல எறக்கி விட்டுட்டு ஒட்டுக்கடையில டீய வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு. நான் சாப்பிட்டு, பேசிட்டு வர்ற வரைக்கும். அவரு வாசல்ல கால் வைக்கக்கூடாதுன்னு அவன் சொல்லிட்டான். இவரும் அது சரிதான்னு சொல்றாரு. எட்டு வருசமா கடையிலயே உக்காந்திருக்காரு தம்பி."

மோட்டர் சத்தம் கேட்டது. பொரித்த வாழைப்பழப் பொட்டலத்தோடு அவர் உள்ளே வந்தார். அதை அவர் மேசையில் வைக்கும் வரைதான் என்னால் பொறுக்க முடிந்தது.

"அண்ணே, அந்தப் பிரேக்க யாரும் பாக்கல."

"எந்தப் பிரேக்கு?"

"டிராக்டர் பிரேக்கு. நீங்க சொன்னத நான் எழுதவே இல்ல, மறந்துட்டேன். பெரட்டுல நீங்க கேட்டப்போ, பாத்துட்டாங்கன்னு பொய் சொன்னேன்."

அவர் மனைவி பொட்டலத்தைப் பிரிக்கப்போன கையை எடுத்துக்கொண்டார்.

"பட்டறைக்குப் போவவே இல்லையா?"

"இல்லண்ணே."

"நான் மிதிச்சேன் கிராணி. மிதிச்ச மாதிரிதான் இருந்துச்சு. எத்தனையோ தடவ யோசிச்சுப் பாத்தேன், நேரத்தோடதான் மிதிச்ச மாதிரி இருந்துச்சு. சரிபண்ணின வண்டியாச்சே, அப்புறம் எப்படி நிக்காமப் போவும்னு..." உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். "சுவாக்கு வாங்க. அங்க வந்து இதச் சொல்லுங்க."

மூவரும் என் காரில் போனோம். மச்சான் தன் வீட்டு வாசலில் பாய் விரித்து, ஒரு காலை நீட்டி உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே போனார், பின்னால் நான். அண்ணன் கேட்டுக்கு வெளியே சாலையிலேயே நின்றுவிட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். மச்சான் நிமிரவில்லை, விரல்கள் பாட்டுக்கு நாரைச் சுற்றிக்கொண்டிருந்தன. பொய் சொன்னேன் என்ற இடத்தில் நின்றன.

"ஆஸ்பத்திரியில எங்கிட்ட அவரே வந்து சொன்னாரே? எங்கால்தான்டா லேட்டுன்னு அவரே அழுதாரே?"

"அவருக்குத் தெரியாது. அவர் நான் சொன்னத நம்பினாரு."

மச்சான் அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரைப் பிடித்து எழுந்தார். காலை இழுத்துக்கொண்டு, கட்டிய பூவெல்லாம் மடியிலிருந்து சரிய, கேட் வரைக்கும் நடந்து போனார். கொண்டியைத் தூக்கினார்.

"உள்ள வாங்க மாமா."

அவர் அசையவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் குலுங்கினார். மச்சான் அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "எதுக்கு மாமா அப்படிச் சொன்னீங்க? லூசா நீங்க?" என்று திட்டிக்கொண்டே அழுதார். மூவரும் உள்ளே போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் காருக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றேன்.

கால் மணி நேரம் கழித்து அண்ணன் மட்டும் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

"கிராணி."

"அண்ணே."

"தப்பு உங்க மேல."

"ஆமாண்ணே."

"எட்டு வருசம்லா!" குரல் தெருவுக்கே கேட்டது. "எட்டு வருசம் நான் அந்தக் கடையில உக்காந்திருந்தேன். தெரியுமாடா உனக்கு?"

கன்ட்ரோலர் கையில் இல்லாமல் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. "போ. நாங்க பஸ்ஸுல போய்க்கிறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். யாரோ அவருக்கு நாற்காலி இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. அவர் மனைவி மட்டும் ஒருமுறை எடுத்து, "இன்னும் உங்க மேல கோவமாத்தான் இருக்காரு தம்பி" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இருக்கட்டும் அக்கா, நல்லா கோவமா இருக்கட்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.